ஜப்பான் முகம், சிலாங்கூர் எண்

நம் மலேசியக் கார் வரலாற்றை எழுதுபவர்கள் எல்லாரும் ஷா ஆலாம் தொழிற்சாலை வாசலில் தொடங்குகிறார்கள். 1983 மே மாதம் புரோட்டோன் நிறுவப்பட்டது, 1985 ஜூலை 9 அன்று முதல் சாகா வெளியே வந்தது, அதே ஆண்டு பினாங்குப் பாலத்தின் திறப்பு விழாவில் மகாதீர் ஒரு சாகாவை ஓட்டிச் சென்றார் என்று கதை போகும். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் கார் விற்றுப் பத்து வருடம் கழித்து, மூன்றாவது கைக்கு மாறி, கிள்ளானில் ஒரு தகரக் கொட்டகைக்குள் நுழைந்தபோது அதற்கு என்ன நடந்தது என்பதை யாரும் எழுதவில்லை. என் வாழ்நாள் அந்தக் கொட்டகைகளில்தான் கழிந்தது. தட்டி நிமிர்த்துவதும், பட்டி பூசித் தேய்ப்பதும், ஸ்ப்ரே அடிப்பதும் என் தொழில். உள்ளூர்க் காருக்கு ஜப்பானிய முகம் பொருத்தித் தருவது அந்தத் தொழிலுக்குள் இருந்த தனிக் கலை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இது புரோட்டோனோடு பிறந்த கலை அல்ல. கேஈ70 கொரோலாவை நினைத்துப் பாருங்கள். 1980களில் தோட்டத்துக் கிராணி முதல் டாக்சிக்காரர் வரை அதைத்தான் ஓட்டினார்கள். பின் சக்கரத்தால் ஓடும் கார், எளிய எஞ்சின், ஆணி அறைந்தாற்போல் நிற்கும் உடம்பு. ஜப்பானில் அதே குடும்பத்தில் ஏஈ86 என்று ஒரு கார் இருந்தது. அதன் 4ஏ-ஜிஈ எஞ்சின் நம் கொரோலாவின் மூக்குக்குள் இறங்கும் என்று யாரோ ஒரு ஃபோர்மேன் கண்டுபிடித்தார். எஞ்சின் வந்த கையோடு விளக்கும் கிரில்லும் பம்பரும் வந்தன. புரோட்டோன் கார்கள் எங்கள் கொட்டகைக்கு வருவதற்கு முன்பே இங்கே கைகள் பழகியிருந்தன.

அந்தச் சாமான் வந்த வழி ஹாஃப் கட். கடையில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: காரின் முன்பாதி மட்டும், கண்ணாடித் தூணோடு அறுத்து, எஞ்சின், கியர்பாக்ஸ், ஒயரிங், விளக்கு, பம்பர் எல்லாம் அப்படியே இருக்க வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஜப்பானில் புதுக் காருக்கு மூன்று வருடம் கழித்தும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் அரசாங்கப் பரிசோதனை உண்டு. அதற்காகும் செலவையும் வரியையும் பார்த்து, நன்றாக ஓடும் காரையே அங்குள்ளவர்கள் கைவிட்டார்கள். அந்தக் காரை முழுசாக இங்கே கொண்டுவர ஏ.பி. என்ற இறக்குமதி அனுமதி வேண்டும். வரியும் காரின் விலையை மலையாக ஏற்றிவிடும். பாதியாக அறுத்துவிட்டால் அது கார் இல்லை, உதிரிச் சாமான். போர்ட் கிள்ளானில் கொள்கலன் கதவு திறந்தால் பாதிக் கார்களாக இறங்கும். கிள்ளான், கெப்போங், ஈப்போ, ஜொகூர் பாரு என்று தவுக்கேமார்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

இன்னொரு காரணத்தைப் பலரும் யோசிப்பதில்லை. ஜப்பானும் சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடு. ஸ்டீயரிங் வலப்பக்கம். அதனால் டேஷ்போர்டு அப்படியே பொருந்தும். முன்விளக்கின் வெளிச்சமும் நமக்கு ஏற்றபடி இடது ஓரத்தைத்தான் தூக்கிக் காட்டும். இது சின்ன விஷயம் இல்லை. பிற்காலத்தில் சில பையன்கள் அமெரிக்கச் சந்தைக்குச் செய்த ஹோண்டா விளக்குகள் வேண்டும் என்று அலைந்தார்கள். ஓரத்தில் ஆரஞ்சு நிறம் பார்க்க அழகுதான். ஆனால் அமெரிக்கா வலப்பக்கம் ஓட்டும் நாடு. அந்த விளக்கு வலது ஓரத்துக்கு வெளிச்சம் காட்டும், அதாவது நம் சாலையில் எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவரின் கண்ணுக்குள். ஓர விளக்கை மட்டும் மாட்டித் தருகிறேன், முன்விளக்கை மாட்ட மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போனவர்களும் உண்டு.

சாகா வந்தபோது அதன் பிறப்பு எங்களுக்கு மறைவாக இல்லை. அது மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே. கிரில்லும் சின்னமும்தான் நம்முடையவை. பிறையையும் பதினான்கு முனை நட்சத்திரத்தையும் கழற்றிவிட்டு மிட்சுபிஷியின் மூன்று வைரத்தை ஒட்டித் தரச் சொல்லி வருவார்கள். அது ஐந்து நிமிட வேலை, அதில் கலை ஒன்றும் இல்லை.

புரோட்டோனில் கலை வந்தது வீராவோடு. 1993இல் வந்த வீரா, அந்தத் தலைமுறை லான்சரின் உடன்பிறப்பு. அதே லான்சரைத்தான் மிட்சுபிஷி ராலிப் பந்தயத்துக்காக மாற்றி, 1992 முதல் இவோ ஒன்று, இரண்டு, 1995இல் மூன்று என்று விட்டது. இந்த உறவு தெரிந்த அன்றே கிள்ளானில் பாதி வீராக்கள் இவோ ஆக ஆசைப்பட்டன. 4ஜி63 டர்போ எஞ்சினுக்குக் காசில்லாதவன் முகத்தையாவது மாற்றுவான். பம்பரில் பெரிய வாய், பொன்னெட்டில் காற்றுத் துளைகள். இவோ பொன்னெட் அலுமினியம். காந்தத்தை வைத்தால் ஒட்டாது. ஃபைபரில் வார்த்த நகலிலும் ஒட்டாதுதான், ஆனால் விரல் முட்டியால் தட்டினால் ஓசை காட்டிக் கொடுத்துவிடும். அசல் பொன்னெட்டை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்து வியக்காத பையனை நான் கண்டதில்லை.

அசல் சாமான் என்றால் ஆணித் துளைகள் பெரும்பாலும் நேராக வந்து நிற்கும் என்று நினைப்பார்கள். காகிதத்தில் சரி. பட்டறைக்கு வரும் வீரா ஏற்கெனவே ஒரு முறையாவது இடிபட்டிருக்கும். ரேடியேட்டரைத் தாங்கும் முன்சட்டம் இரண்டு மூன்று மில்லி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பழைய பம்பர் அந்தச் சாய்வை மறைத்துக்கொண்டிருக்கும், புதியது மறைக்காது. அதனால் முதலில் பம்பரைத் தொடவே கூடாது. கதவில் தொடங்க வேண்டும். கதவுக்கும் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்து, பிறகு ஃபெண்டருக்கும் பொன்னெட்டுக்கும், பிறகு பொன்னெட்டுக்கும் விளக்குக்கும், கடைசியில்தான் பம்பர். பின்னாலிருந்து முன்னுக்கு வர வேண்டும். அவசரக்காரன் முன்னாலிருந்து தொடங்குவான். அவன் மாட்டிய கார் தூரத்தில் நன்றாக இருக்கும், பக்கத்தில் போனால் பொன்னெட் ஓரம் ஒரு பக்கம் சுண்டு விரல் நுழையும், மறுபக்கம் நகம் நுழையாது.

இந்த ஒழுங்கை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு சீன ஃபோர்மேன். எங்கள் தலைமுறை ரப்பர் தோட்டம் செம்பனைக்கு மாறி, லயன் வீடுகள் காலியாகி, பட்டணத்துக்குப் பிழைக்க வந்த தலைமுறை. கையில் சான்றிதழ் கிடையாது. பட்டறைதான் சேர்த்துக்கொண்டது. ஆங்கிலத்தில் வரும் ரிப்பேர் புத்தகத்தைப் படிக்கத் தெரியாத தமிழ்ப் பையன், ஜப்பானிய ஒயரிங்கில் எந்த நிற ஒயர் எங்கே போகிறது என்று மனப்பாடமாகச் சொல்வான். வீரா டேஷ்போர்டை அவிழ்த்து இவோ ஒயரிங்கை உள்ளே விட்டு, மீட்டர் முள் அசையும்வரை விடமாட்டான். “அண்ணே, ஒரு தடவை சாவியைத் திருப்பிப் பாருங்க” என்று அவன் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த நம்பிக்கையைத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர்களிடம்கூட நான் பார்த்ததில்லை. இந்த நாட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பொறியியல் பள்ளி ஹாஃப் கட் கடைதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆனாலும் ஒரு எல்லை உண்டு. ஆணியில் மாட்டிக் கழற்றக்கூடிய சாமான் எதையும் மாற்றலாம்: பம்பர், ஃபெண்டர், பொன்னெட், விளக்கு, கதவு. முன்பாதியையே அறுத்து இன்னொரு காரின் பின்பாதியோடு பற்ற வைப்பது வேறு. ஜப்பானியக் கார்கள் பலவற்றில் எஞ்சினுக்கும் பயணிகள் அறைக்கும் நடுவே நிற்கும் தகட்டில்தான் அடிச்சட்ட எண் பொறித்திருக்கும். அந்தத் தகட்டை மாற்றினால் காரின் அடையாளமே மாறிவிடுகிறது. உரிமை மாற்றத்துக்குப் புஸ்பாகோம் பரிசோதனைக்குப் போனால் அங்கே முக்கியமாகப் பார்ப்பது அந்த எண்ணையும் எஞ்சின் எண்ணையும்தான். சட்டத்தை விடுங்கள். பற்ற வைத்த இடத்தில் கார் இரண்டாகப் பிளந்து நின்றதை நெடுஞ்சாலை ஓரத்தில் நேரில் பார்த்தவன் நான். அந்த வேலைக்கு எவ்வளவு காசு தருவதாகச் சொன்னாலும் என் பட்டறையில் இடம் கொடுத்ததில்லை.

கன்சிலைச் சொல்லாமல் போக முடியாது. 1994இல் பெரோடுவா விட்ட அந்தச் சின்னக் கார், டைஹாட்சு மிராவின் வழி வந்தது. ஜப்பானில் மிரா கெய் என்ற சிறுகார் வகுப்பைச் சேர்ந்தது. அன்றைக்கு அந்த வகுப்புக்கு நீளம் 3.3 மீட்டர், அகலம் 1.4 மீட்டர், எஞ்சின் 660 சி.சி. என்று சட்டம் கோடு கிழித்திருந்தது. ஒரு விரல் கூடினாலும் சிறுகாருக்கான வரிச் சலுகை போய்விடும். அதனால் மிராவின் பம்பர் உடம்போடு ஒட்டி, சப்பையாக இருக்கும். நம் ஊரில் அந்தக் கோடு கிடையாது, கன்சிலின் பம்பர் கொஞ்சம் துருத்திக்கொண்டு வந்தது. மிரா பம்பரை மாட்டியதும் கார் திடீரென்று இறுக்கமாக, சுறுசுறுப்பாகத் தெரியும். பையன்கள் அது டிசைன் என்று நினைத்தார்கள். ஜப்பான் வரிச் சட்டத்தின் வடிவம் அது. 2005இல் மைவி வந்தபோதும் டொயோட்டா பாசோ, டைஹாட்சு பூன் முகங்களோடு இதே கதை ஓடியது.

இனி நம்பர் பிளேட்டுக்கு வருகிறேன். மாட்டிய அழகெல்லாம் கடைசியில் சிக்குவது அங்கேதான்.

நம் பிளேட்டின் கறுப்புப் பின்னணியும் வெள்ளை எழுத்தும் பிரிட்டிஷ்காரர் காலத்துச் சொத்து. பிரிட்டன் 1973இல் வெள்ளை, மஞ்சள் பிரதிபலிப்புத் தகடுகளைப் புதுக் கார்களுக்குக் கட்டாயமாக்கியது. நாம் கறுப்பிலேயே நின்றுவிட்டோம். எழுத்து, மாநிலத்தைச் சொல்லும்: பேராக் ஏ, ஜொகூர் ஜே, கெடா கே, நெகிரி செம்பிலான் என். மலாக்காவின் எம், சிங்கப்பூரின் எஸ் எல்லாம் நீரிணைக் குடியேற்றக் காலத்து எழுத்துகள். டாக்சிக்கு மட்டும் வெள்ளைத் தகட்டில் கறுப்பு எழுத்து, முதல் எழுத்து எச். பழைய ஆட்கள் ஆர்.ஐ.எம்.வி. என்று சொன்ன அலுவலகம், 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்குப் பிறகு ஜே.பி.ஜே. ஆனது. அப்போதும் பழக்கம் ஒன்று மாறவில்லை. அரசாங்கம் எண்ணைக் கொடுக்கும், தகட்டைக் கொடுக்காது. அதைச் சாமான் கடையில் நாமே செய்துகொள்ள வேண்டும். முதலில் தூரிகையால் எழுதினார்கள், பிறகு அலுமினியத்தில் அழுத்தினார்கள், பிறகு ஒட்டும் எழுத்து, பிறகு பிளாஸ்டிக்கில் புடைத்த எழுத்து.

எண் என்றால் நம் ஆட்களுக்கு அது வெறும் எண்ணும் இல்லை. கூட்டினால் ஒன்பது வர வேண்டும், ஐந்து வர வேண்டும் என்று ஜோசியரைக் கேட்டுவிட்டு வருவார்கள். சீனருக்கு நான்கு ஆகாது, எட்டு வேண்டும். ஏலத்துக்குப் போனால் கணக்கே இல்லை. 2012இல் டபிள்யூ மூன்றும் ஒன்றும் சேர்ந்த எண்ணை ஜொகூர் சுல்தான் 5,20,000 வெள்ளிக்கு எடுத்தார். ஏழைக்கும் அந்த ஆசை உண்டு, அளவுதான் வேறு. காரின் முகம் எத்தனை முறை மாறினாலும் அந்த எண் அப்படியே இருக்கும். தாத்தா வாங்கிய வீராவைப் பேரன் இவோ ஆக்குவான், எண்ணில் மட்டும் கை வைக்க விடமாட்டார் தாத்தா.

விதிப்படி காரின் பிளேட்டில் ஒவ்வொரு எழுத்தும் 70 மில்லிமீட்டர் உயரம், 40 அகலம், கோட்டின் பருமன் 10. எழுத்துக்கு எழுத்து இடைவெளி 10, எழுத்துக் கூட்டத்துக்கும் எண்ணுக்கும் நடுவே 30. மூன்று எழுத்தும் நான்கு இலக்கமும் உள்ள பிளேட்டுக்குக் கணக்குப் போடுவோம். மூன்று எழுத்துக்கு 120, இடையில் இரண்டு இடைவெளிக்கு 20, சேர்ந்து 140. நடு இடைவெளி 30. நான்கு இலக்கத்துக்கு 160, மூன்று இடைவெளிக்கு 30, சேர்ந்து 190. மொத்தம் 360. ஓரத்துக்குப் பத்துப் பத்து விட்டால் 380 மில்லி.

ஜப்பானியப் பிளேட் 330க்கு 165. ஜப்பானியப் பம்பரில் தகட்டுக்கென்று குழித்து விட்டிருக்கும் இடமும் அந்த அளவுதான்.

பிரச்சினை முழுவதும் இந்த 50 மில்லியில் இருக்கிறது. நம் எண் ஒரே வரியில் அந்தக் குழிக்குள் போகாது. இரண்டு வரியாக்கினால் அகலம் தாராளம், ஆனால் உயரம் 70, 70, இடையில் 10, ஓரம் இருபது என்று 170 ஆகிவிடும். 5 மில்லி வெளியே நிற்கும். காசு கொட்டி முகம் மாற்றிய பையனுக்கு அந்த 5 மில்லி கண்ணை உறுத்தும். அவன் என்ன செய்கிறான்? எழுத்தைச் சிறிதாக்குகிறான், நெருக்குகிறான், ஒல்லியாக்குகிறான், சாய்க்கிறான். சாமான் கடைக்காரரும் கேட்டபடி அடித்துக் கொடுத்துவிடுவார். அடுத்த வாரம் சாலைத் தடுப்பில் 300 வெள்ளி சம்மன். “அரசாங்கமே புத்ராஜெயா பிளேட்டில் கையெழுத்து மாதிரி வளைத்து எழுத விட்டதே” என்று கேட்பார்கள். விட்டது, சிறப்புத் தொடர்களுக்கு. நமக்கு இல்லை.

இதில் நான் ஜே.பி.ஜே. பக்கம். எழுத்து ஏன் அந்த அளவு என்று ஒரு விபத்தில் இடித்துவிட்டு ஓடிய காரைப் பார்த்தவரிடம் கேட்டால் தெரியும். மழையில், இருட்டில், ஒரு நொடியில் படித்து மனதில் வைக்க வேண்டும். அடிபட்டுக் கிடப்பவருக்கு நியாயம் கிடைக்க அந்த எழுத்து ஒன்றுதான் சாட்சி.

தீர்வு இல்லாத விஷயமும் இல்லை இது. குழியை மறந்துவிட்டு, பம்பருக்குப் பின்னால் உள்ள இரும்புச் சட்டத்திலிருந்து இரண்டு பட்டைகளை முன்னே கொண்டுவந்து, குழியின் விளிம்புக்கு வெளியே தகட்டை நிமிர்ந்து நிற்கும்படி மாட்டுவேன். 380 அகலம், 90 உயரம் இருந்தால் போதும். ரேடியேட்டருக்குக் காற்று போகும் வாயை மறைக்காமல் சற்றே கீழே இறக்கலாம். பட்டைக்குப் பம்பர் நிறமே அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஜப்பானிய மாவட்டப் பெயர் எழுதிய போலித் தகட்டை அந்தக் குழியில் மாட்டிக்கொள்ள விரும்புபவர் கண்காட்சித் திடலுக்குப் போன பிறகு மாட்டிக்கொள்ளட்டும். சாலையில் வேண்டாம்.

இந்தத் தொழிலை நிறுத்தப் பார்த்ததும் உண்டு. 2009 அக்டோபரில் திருத்திய தேசிய வாகனக் கொள்கை, 2011 ஜூன் முதல் பழைய உதிரிச் சாமான்களின் இறக்குமதியைத் தடை செய்வதாக அறிவித்தது. பாதுகாப்பைக் காரணம் சொன்னார்கள். பிரேக், டயர் போன்றவற்றுக்கு அது நியாயமான பேச்சு. ஆனால் பம்பருக்கும் பொன்னெட்டுக்கும் என்ன பாதுகாப்புக் கேடு? கடைக்காரர்கள் எதிர்த்தார்கள், தடை நடைமுறைக்கு வரவில்லை. வந்திருந்தால் எத்தனை அடுப்பு அணைந்திருக்கும் என்று அன்று கிள்ளானில் இருந்தவர்களுக்குத் தெரியும். 1998இல் வெள்ளியின் மதிப்பை டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்ட காலத்தில், புதுக் கார் வாங்க முடியாதவர்களின் பழைய கார்களை ஓட வைத்தது இந்தக் கொட்டகைகள்தான்.

இப்போது காற்று வேறு பக்கம் வீசுகிறது. 2024 செப்டம்பரில் மின்சாரக் கார்களுக்கு ஜே.பி.ஜே. தானே தகடு வழங்கத் தொடங்கிவிட்டது. இது எல்லாக் கார்களுக்கும் வரும் என்றால் நான் வரவேற்பேன். சாமான் கடையில் எழுத்தைச் சுருக்கும் பேரமும், குழிக்காக எண்ணை நெருக்கும் ஆசையும் அன்றோடு முடியும். பம்பர் பொருத்துபவர்களும் ஒரே அளவுத் தகட்டை மனதில் வைத்துப் பட்டை வெட்டலாம்.

என் வயதை ஒத்த கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து வருகின்றன. எந்த லான்சர் ஃபெண்டர் எந்த வீராவுக்குப் போகும், எந்த மிரா விளக்குக்குக் கன்சிலின் சட்டத்தில் எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. உங்கள் அப்பாவோ மாமாவோ இந்த வேலையில் இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள். பழைய படங்கள் இருந்தால் பின்பக்கம் ஆண்டையும் ஊரையும் எழுதி வையுங்கள்.